பழைய கணினிக்கு எந்த லினக்ஸ்? தமிழில் எழுதிப் பார்த்து முடிவெடுங்கள்

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு எல்லாம் கேட்கிறது. வெளிநாட்டு உறவினர் பாவித்துவிட்டு அனுப்பிய, 2 ஜிபி ரேமோடு நிற்கும் மடிகணினியில் படிக்கும் வடமாகாணத்துத் துணுக்காய்ப் பிள்ளை என்ன செய்யும்? போர் முடிந்தபின் 2009இன் இறுதியில் மீளக்குடியேறி, எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கிய ஊர் இது. ஓடுகிற ஒரு பொருளைக் குப்பையில் போட இங்கே எவருக்கும் மனம் வராது. வரவும் கூடாது.

லினக்ஸ் இருக்கிறது. ஆனால் அதிலும் கணினியைக் களைக்கவைக்கும் பகுதி ஒன்று உண்டு. திரையில் ஜன்னல்களையும் பட்டிகளையும் வரைந்து காட்டும் டெஸ்க்டொப் அது. க்நோம் என்ற டெஸ்க்டொப் 2 ஜிபிக்குள் திணறும். 1996இல் ஒலிவியே பூர்டான் தொடங்கிய எக்ஸ்எஃப்சிஇயும், லுபுண்டுவில் 18.10 பதிப்பு முதல் வரும் எல்எக்ஸ்கியூடியும் அந்த அளவுக்குள் அடங்கி நடக்கும். இவற்றைவிட மெலிந்தவையும் உண்டு. அங்கேதான் நமக்குச் சிக்கல்.

இலகுவான மென்பொருள் பற்றிய பரிந்துரைகள் பெரும்பாலும் மெகாபைட்டைத்தான் எண்ணுகின்றன. கொம்பு சரியான இடத்தில் விழுமா என்று எவரும் கேட்பதில்லை. யுனிகோடில் 'கெ' சேமிக்கப்படும்போது ககரம் முதலிலும் கொம்பு பிறகும் வருகின்றன. திரையில் கொம்பு முன்னுக்கு வரவேண்டும். 'கொ' என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்கவேண்டும். இந்த வேலையை ஹார்ப்பஸ் என்ற நிரல்தொகுதி செய்கிறது. எக்ஸ்எஃப்சிஇ சார்ந்திருக்கும் ஜிடிகேயும், எல்எக்ஸ்கியூடியின் க்யூடியும் அதைக் கொண்டே தமிழை ஒழுங்காக எழுதுகின்றன. எக்ஸ்டெர்ம் முனையம் போன்ற மெலிந்த நிரல்கள் அதைத் தொடுவதேயில்லை. எக்ஸ்டெர்மில் 'கொக்கிளாய்' என்று அடித்துப் பாருங்கள், எழுத்து சிதைந்து நிற்கும். தாய்மொழியை வாசிக்க முடியாத கணினி எத்தனை வேகமாக ஓடி என்ன பயன்?

ஆகவே 64 பிட் கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇயோடு டெபியன் லினக்ஸ் என்பதே என் தெரிவு. 32 பிட் என்றால் டெபியன் 12. 2025 ஓகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பை அதில் புதிதாக நிறுவ முடியாது. 64 பிட் கணினியில் முதலில் பென்டிரைவில் இருந்தே ஓடவிட்டு, நோட்டோ தமிழ் எழுத்துருவைச் சேர்த்துச் சோதியுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய ஆவணங்கள் லிப்ரே ஒபிஸில் சரியாகத் தெரிய, அந்த எழுத்துருக் கோப்பையும் பிரதி செய்யவேண்டும். ஒன்று சொல்லவேண்டும்: பயர்பொக்ஸில் பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்தால் எந்த டெஸ்க்டொப்பாலும் காப்பாற்ற முடியாது. கையில் கொஞ்சம் காசு இருந்தால் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போடுங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

இதைப் பாடசாலைகளுக்கே கொண்டுபோகவும் முடியும்: கேரள அரசுப் பாடசாலைகளில் தகவல் தொழில்நுட்பப் பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது. அங்கே கைட் என்ற அரச நிறுவனம் பாடசாலைகளுக்கென்றே ஒரு பதிப்பைத் தயாரித்துக் கொடுக்கிறது. வடமாகாணக் கல்வித் திணைக்களமும் 2 ஜிபி கணினியில் ஓடும் தமிழ்ப் பதிப்பொன்றைப் பென்டிரைவில் போட்டுக் கல்வி வலயங்களுக்கு அனுப்பலாம். அப்படிச் செய்தால் துணுக்காய் வலயத்து ஆசிரியர் ஒவ்வொருவரும் இதைத் தனித்தனியே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்காது.