எஞ்சினை இறக்கச் சொல்கிறாரா? எந்த சிலிண்டர் என்று கேளுங்கள்

பழைய அம்பாசிடர் ‘மிஸ்’ அடிக்கத் தொடங்கினால் காதே சொல்லிவிடும். ஐடிலில் வண்டி குலுங்கும். சைலன்சரில் சீராக வரவேண்டிய சத்தம் இடையிடையே தவறிப் ‘புப்’பென்று வரும். பட்டறையில் விட்டால் பல நேரம் கிடைக்கும் முதல் பதில், “எஞ்சின் வேலை இருக்கு சார், இறக்கணும்.” நாலு சிலிண்டரில் எது செத்திருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் சொல்லப்படும் இந்த வார்த்தைக்கு நீங்கள் தலையாட்ட வேண்டியதில்லை.

செத்த சிலிண்டரைக் கண்டுபிடிக்கக் கால்மணி நேரம் போதும். எஞ்சினை நிறுத்தி ஒரு பிளக் ஒயரைக் கழற்றுங்கள். அதன் முனையில் உதிரி பிளக் ஒன்றை மாட்டி, எஞ்சின் பிளாக்கைத் தொடும்படி வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். அது ஒழுங்காக எரிந்துகொண்டிருந்த சிலிண்டர் என்றால் குலுக்கல் கூடும். எந்த ஒயரைக் கழற்றியும் ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ, அதுதான் குற்றவாளி. ஓடும் எஞ்சினில் ஒயரைக் கையால் பிடுங்கிப் பார்ப்பது பட்டறைப் பழக்கம். அதில் ஓடுவதோ பல்லாயிரம் வோல்ட். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலேயே நிற்கக் கூடாது. தோளில் துண்டு, துப்பட்டா இருந்தால் ரேடியேட்டர் ஃபேன் இழுத்துவிடும். ஷெட்டின் கதவைத் திறந்தே வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பெட்ரோல் கசிகிறதா என்றும் முதலில் பாருங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஓஸ்களை ஊதவைத்து விரிசல் விடச் செய்யும்.

அடுத்து, சந்தேகப்படும் சிலிண்டரின் பிளக்கை இன்னொன்றோடு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால், ஒரு பிளக் செலவோடு முடிந்தது. மாறாவிட்டால் ஒயரையும் அதேபோல் மாற்றிப் பாருங்கள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை விரிசல் தெரிகிறதா என்றும் பாருங்கள். யாரோ ஒயர்களை மாற்றிச் சொருகியிருக்கவும் கூடும். இந்த எஞ்சினில் எரியும் வரிசை 1-3-4-2. ஒரே சிலிண்டர் அல்லாமல் எல்லாமே மாறி மாறித் தடுமாறினால், பாயிண்ட், கண்டென்சர், கார்புரேட்டர் பக்கம் திரும்ப வேண்டும். சூடேறிய பிறகு மட்டும் வரும் தடுமாற்றத்துக்குக் கண்டென்சர் முக்கியச் சந்தேகம். பாயிண்ட் இடைவெளி 15 தௌ, அதாவது ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் மிஸ் தீரவில்லை என்றால்தான் கம்ப்ரஷன் டெஸ்ட். எல்லா பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தி, ஒவ்வொரு சிலிண்டராக கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. டப்பட் இறுகிப்போய் வால்வு மூடாமல் இருந்தாலும் இதே கதைதான் என்பதால், முதலில் டப்பட் இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். அதற்கு ஹெட்டைக் கழற்றினால் போதும், எஞ்சினை இறக்க வேண்டாம்.

அந்த நாலு எண்களையும் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேளுங்கள். பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. ஒரிஜினல் என்று போலி பாகம் மாட்டுவதும் செய்யாத வேலைக்குக் காசு வாங்குவதும் புகாருக்கு உரியவை. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் கிடைக்கும். அதில் தீராவிட்டால், பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே மனு செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணமும் இல்லை.

முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டிய வண்டி என்றால் இன்னொரு கவலையும் சேர்கிறது. 2021இல் வந்த விதிப்படி, சேசிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் நிலையில் இருக்கும் வண்டிக்கே ‘விஏ’ வரிசையில் விண்டேஜ் பதிவு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். “டீசல் எஞ்சின் ஒண்ணு கைவசம் இருக்கு, வச்சுடலாம்” என்று பட்டறைக்காரர் சொல்லும்போது இதையும் நினைவில் வையுங்கள். ஒரு பிளக் கோளாறுக்காக அந்தத் தகுதி பறிபோய்விடும்.