காட்சி நேரம் பார்த்தீர்களா?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் வீட்டில் ஒரே பேச்சுதான். "அப்பா, இந்தத் தடவையாவது எங்கேயாவது கூட்டிக்கிட்டுப் போங்கப்பா!" நீங்களும் ஓவர்டைம் காசைச் சேர்த்து வைத்து, பிள்ளைகளை ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்கிறீர்கள். மிகவும் நல்லது. ஆனால் வாசலைத் தாண்டியதும் முதலில் எதைத் தேடுகிறீர்கள்? பெரிய சறுக்கையா? சுற்றும் இராட்டினத்தையா? இரண்டும் வேண்டாம். முதலில் மேடைக் காட்சிகளின் நேரப் பலகையைத் தேடுங்கள்!

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்து சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மனைவி, இரண்டு பிள்ளைகள், என் தாயார் ஆகியோரோடு ஒரு பூங்காவுக்குப் போனேன். அதன் பெயர் எதற்கு? தவறு என்னுடையதுதான். காலை பத்து மணியிலிருந்து மாலை வரை பிள்ளைகளும் நாங்களும் ஒவ்வொரு விளையாட்டாக ஓடிக்கொண்டிருந்தோம். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய அம்மாவுக்கு முழங்கால் வலி. சறுக்கில் ஏற முடியுமா? இராட்டினத்தில் சுற்ற முடியுமா? ஒரு மரத்தடியில் அமர்ந்து எங்கள் பைகளையும் செருப்புகளையும் நாள் முழுதும் காத்துக்கொண்டிருந்தார். அங்கே அன்று இரண்டு மேடைக் காட்சிகள் நடந்தன என்பதே, வீடு திரும்பும்போது வாசல் பலகையைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "இடம் எப்படி இருந்துச்சு?"

அம்மா சொன்னார்: "நல்ல இடம். நிழலா இருந்துச்சு."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐந்து பேருக்குச் சீட்டு வாங்கினேன். நான்கு பேரைத்தான் உள்ளே அழைத்துப் போயிருக்கிறேன்!

விளையாட்டு தனித்தனி, காட்சி எல்லாருக்கும்

சற்று எண்ணிப் பாருங்கள். வேகமான விளையாட்டுகளுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு. இருதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் ஏறக்கூடாது என்று எழுதியே வைத்திருப்பார்கள். பெரியவன் ஏறுவான், சின்னவள் அழுதுகொண்டு கீழே நிற்பாள், பாட்டி பை காப்பார். ஆனால் மேடைக் காட்சிக்கு உயரமும் இல்லை, வயதும் இல்லை. மூன்று தலைமுறையும் ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே நேரத்தில் சிரிக்கலாம்.

இது நமக்குப் புதிதல்ல. தோட்டத்துத் திடலில் காமன் கூத்தும், திருவிழா மேடையில் நாடகமும், வெள்ளைத் திரை கட்டிப் படமும் காட்டிய காலத்தில் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து அமர்ந்துதானே பார்த்தோம்? பிறகு பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. திடல் போயிற்று, பாயும் சுருட்டப்பட்டது.

கோலாலம்பூரின் பழைய கேளிக்கைப் பூங்காக்களுக்கும் மேடைதான் உயிர். புக்கிட் பிந்தாங்கில் இருந்த 'பிபி பார்க்' என்ற பூங்காவைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இராட்டினங்களோடு ஜோகேட் நடன மேடையும், மற்ற கலை நிகழ்ச்சிகளும் அங்கே கூட்டத்தை இழுத்தன. 1970களின் தொடக்கத்தில் அது மூடப்பட்டு, அந்த இடத்தில் 1977-இல் சுங்கை வாங் பிளாசா எழுந்தது. மலாய் மக்களின் பங்சாவான் நாடகமும் அக்காலப் பூங்கா மேடைகளில் புகழ் பெற்றது. அதன் வேர் எது தெரியுமா? 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து பினாங்குக்கு வந்த பார்சி நாடகங்கள்! தமிழ் மேடை நாடகத்தின் மீதும் சாயல் பதித்தது அதே பார்சி நாடகம்தான். அந்த வகையில் பங்சாவான் நமக்கும் தூரத்து உறவு.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் 1955-இல் திறக்கப்பட்ட டிஸ்னிலேண்டில் 'கோல்டன் ஹார்ஸ்ஷூ' என்ற மேடைக் காட்சி 1986 வரை, ஏறத்தாழ 31 ஆண்டுகள் நடந்தது. புதுப்புது விளையாட்டுகள் வந்துகொண்டே இருந்தும் மக்கள் அந்தப் பாட்டையும் நகைச்சுவையையும் விடவில்லை.

திட்டமிட்டுப் போங்கள்

கிள்ளானிலிருந்து போகிறவர்களுக்குச் சன்வே லகூன் பக்கம். பழைய ஈயச் சுரங்கப் பள்ளத்தில் அமைந்த பூங்கா இது. கொமுட்டர் இரயிலில் செத்தியா ஜெயா நிலையத்தில் இறங்கினால், 2015-இல் தொடங்கிய மின்சாரப் பேருந்து பூங்காவின் அருகிலேயே கொண்டுபோய் விடும். உள்ளே 2016-இல் திறக்கப்பட்ட 'நிக்கலோடியன்' பகுதி, தொலைக்காட்சிக் கேலிச்சித்திரப் பாத்திரங்களைக் குழந்தைகளின் கண்முன் கொண்டுவருவதற்காகவே அமைக்கப்பட்டது.

போகிறவர்கள் சிலவற்றை மனத்தில் வையுங்கள். முதலாவது, விளையாட்டு நாள் முழுதும் நடக்கும். காட்சி குறித்த நேரத்தில்தான் நடக்கும். ஆகவே காட்சி நேரத்தைக் குறித்துக்கொண்டு, மற்றதை அதற்கு முன்னும் பின்னும் வையுங்கள்.

இரண்டாவது, ஒரு விளையாட்டில் ஒரு தடவைக்குச் சிலர்தான் ஏற முடியும். காட்சியிலோ ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கானோர் அமர்கிறார்கள். காட்சி முடிந்ததும் அந்தக் கூட்டம் முழுவதும் சாப்பாட்டுக் கடைக்குத்தான் பாயும். முன்னதாகவே சாப்பிட்டுவிடுங்கள்.

மூன்றாவது, நம் ஊரில் பிற்பகலில் மழை பிடிக்கும். திறந்தவெளிக் காட்சி என்றால் முதல் காட்சியையே பாருங்கள். கால் மணி நேரம் முன்னதாகப் போனால், வயதானவர்களுக்குப் படி ஏறாமல் ஓர வரிசையில் இடம் கிடைக்கும்.

நான்காவது, கைதட்டுங்கள்! பெரிய பொம்மை வேடத்துக்குள் ஒரு மனிதர் இருக்கிறார். நம் ஊர் வெயிலில் அந்தக் கனத்த வேடத்துக்குள் வியர்வை வழிய ஆடுகிறார். நாமோ கைத்தொலைபேசியைத் தூக்கிப் படம் பிடிப்பதிலேயே இருந்துவிடுகிறோம். கையில் பேசி இருந்தால் கைதட்டுவது எப்படி? ஆடுகிறவருக்கு நன்றி சொல்லப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். அதுவும் ஒரு படிப்புதான்.

பள்ளிக்கூடம் போன கிளி

பழைய தவற்றைச் சரிசெய்ய எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. பிரிக்பீல்ட்ஸில் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கிருந்து சற்றுத் தொலைவில் ஏரிப் பூங்கா வட்டாரத்தில் இருக்கும் பறவைப் பூங்காவுக்கு அம்மாவை அழைத்துப் போனேன். 1991-இல் திறக்கப்பட்ட இடம் அது. பெரிய வலைக்கூரையின் கீழ் பறவைகள் தம் விருப்பம்போல் பறக்கும். இம்முறை முதலில் நேரப் பலகையைப் பார்த்தேன். அம்மாவை மெதுவாக நடத்திக் கூட்டிப்போய், ஓர வரிசையில் அமர்த்தினேன். பைகள் என் மடியில்!

வண்ணக்கிளி ஒன்று எங்கள் தலைக்கு மேலே பறந்து, பயிற்றுநரின் கையில் வந்து அமர்ந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு பொத்தாமலே சிரித்தார். பேரனின் தொடையைத் தட்டி, "கிள்ளான்ல ஜோசியக்காரர் கிளி சீட்டு மட்டுந்தாண்டா எடுக்கும். இது பள்ளிக்கூடம் போன கிளி போல இருக்கு!" என்றார். பக்கத்து வரிசையில் இருந்த ஒரு மலாய்க் குடும்பம், மொழி புரியாமலே, அம்மா சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தது.

வழி நெடுகப் பேச்சு ஓயவில்லை. கிளி ஜோசியத்தில் தொடங்கி, தோட்டத்துக் காமன் கூத்தில் இரதியாக வேடம் கட்டிய கங்காணி மகன் வரைக்கும் கதை போயிற்று. என் பிள்ளைகள் அந்தக் கதைகளை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள், ஏன், நானும்தான்!

வீட்டுக்கு வந்ததும், பக்கத்து வீட்டு அக்கா கேட்கும் வரை அம்மா காத்திருக்கவில்லை. வேலிக்கு அருகே போய், கையை இறக்கைபோல் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஆகவே அன்பான வாசகர்களே! அடுத்த விடுமுறைக்குச் சீட்டு வாங்கும்போது வெள்ளியை மட்டும் எண்ணாதீர்கள். எத்தனை பேர் உள்ளே போகிறோம், எத்தனை பேர் பார்த்துவிட்டு வருகிறோம் என்றும் எண்ணுங்கள். இரண்டு கணக்கும் ஒன்றாக இருந்தால், உங்கள் சுற்றுலா வெற்றிதான்!