சீப்பில் வரும் முடி என்ன சொல்கிறது?

உங்கள் பெண்ணுக்குத் தலை வாரும்போது கொத்துக் கொத்தாக முடி வருகிறதா? 'தண்ணி ஒத்துக்கலை', 'ஷாம்பு போட்டதால வந்த வினை' என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். புதுசாக ஒரு எண்ணெய் பாட்டிலும் வீட்டுக்கு வந்துவிடும். கொஞ்சம் பொறுங்கள். காரணம் உடம்புக்குள்ளே இருக்கலாம்.

நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. தினமும் 50 முதல் 100 வரை உதிர்வது இயற்கை. பின்னல் மெலிந்துகொண்டே போனாலோ, வகிடு அகலமானாலோ கவனிக்க வேண்டும்.

காய்ச்சல் வந்ததா?

'நல்லாத்தானே இருக்கா, திடீர்னு ஏன் கொட்டுது?' என்கிறீர்களா? இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் டைபாய்டு, டெங்கு என்று ஏதாவது வந்ததா, யோசியுங்கள். 'குண்டாயிட்டேன்' என்று பட்டினி கிடந்தாலும் இதே கதைதான். அந்த அதிர்ச்சியில் ஏராளமான முடிகள் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். சில மாதம் கழித்து உதிரும். உடம்பு தேறினால் மீண்டும் முளைக்கும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் பொறுமை வேண்டும்.

ரத்தம் போதுமா?

2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்தால் முடியும் கொட்டலாம். மாதவிலக்கின்போது அதிக ரத்தம் போவதைப் பல பெண்கள் அம்மாவிடம்கூடச் சொல்வதில்லை. 'எத்தனை நாள் இருக்கு? எத்தனை தடவை நாப்கின் மாத்தறே?' என்று நீங்களே பக்குவமாகக் கேளுங்கள். ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

வேறு அறிகுறிகள்

மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறது, முகப்பரு அதிகம், உதட்டுக்கு மேல் ரோமம் என்றால் ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். எப்போதும் அசதி, எடை கூடுகிறது என்றால் தைராய்டைப் பரிசோதிக்க வேண்டும். காசு அளவுக்கு வட்டமாக உதிர்ந்தால் அது 'புழுவெட்டு'. பெயரில்தான் புழு, உடம்பின் எதிர்ப்பு சக்தியே முடி வேர்களைத் தாக்குவதால் வருவது அது. தோல் மருத்துவரைப் பாருங்கள். நெற்றியோரம் மட்டும் முடி குறைந்தால், பின்னலைத் தளர்த்துங்கள்!

என்ன செய்யலாம்?

ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். இரும்புச் சேமிப்பைக் காட்டுவது அதுதான். கீரை, சுண்டல், பயறு, முட்டை, மீன் எது ஒத்துவருமோ அதைத் தினமும் கொடுங்கள். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடன் காபி, டீ வேண்டாம். அவை அதைத் தடுக்கும்.

எண்ணெய் தடவுங்கள், தப்பில்லை. முடி வறளாமல் இருக்கும். ஆனால் குறைந்த ரத்தத்தை எந்த எண்ணெயும் கூட்டித் தராது. 'முடி போச்சே' என்று அழும் பெண்ணிடம், 'வேற என்னடா செய்யுது உனக்கு?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வைத்தியம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.