கணினிக் கூடத்தில் தமிழ்: காரணம் காணும் நெறி

1999ஆம் ஆண்டு சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை உருப்பெற்றது. 2010ஆம் ஆண்டு தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. எனினும், கணினிமுன் அமரும் மாணவர்க்குத் தமிழ் எப்போதும் கைக்கு எட்டுவதில்லை. அதன் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடலூர், சிதம்பரம் ஊர்களிலிருந்து வரும் நம் மாணவர் பலர்க்குக் கல்லூரிக் கணினியே முதற்கணினி. கூடத்தில் தமிழ் மென்பொருளைத் தனித்தனியே நிறுவுதல் அரிது. ஆகவே, மாணவர் தம் பெயரும் கடவுச்சொல்லும் இட்டு உள்நுழையும்போது அது தானே நிறுவப்படுமாறு விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் பதிந்து வைக்கின்றனர். ஒருமுறை செய்முறைத் தேர்வில் ஒரு மாணவி தமிழில் ஒரு சொல்லும் அடிக்காமல் அமர்ந்திருந்தார். அவர் பயிற்சியற்றவர் என்றே நாம் எண்ணினோம். அக்கணினியில் மென்பொருள் இயங்கவே இல்லை என்பது பின்னரே தெரிந்தது. பிழை அவருடையதன்று.

பாங்கொலி கேட்டதும் தொழுகை நேரம் வந்ததென அறிகிறோம். ஆயினும் ஒளு இன்றித் தொழுகை கூடாது. அதுபோல், உள்நுழைவு என்பது அழைப்பு மட்டுமே. பணி நிறைவேற நிபந்தனைகள் வேறு உள.

முதலாவது, உள்நுழைவு உண்மையில் நிகழ்ந்ததா என நோக்க வேண்டும். முன்னவர் வெளியேறாது சென்ற கணினியில் அடுத்தவர் அமர்ந்தாலும், உறங்கிய கணினி விழித்தாலும் அது புதிய உள்நுழைவு ஆகாது.

இரண்டாவது, மின்சாரம். மடிக்கணினி மின்னிணைப்பில் இருந்தாலன்றிப் பணியைத் தொடங்காதே என்னும் நிபந்தனை ஷெட்யூலரில் இயல்பாகவே அமைந்துள்ளது. 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலுக்குப்பின் மின்சாரமின்றித் தவித்த நம் மாவட்டத்தார், மின்தடையை அறியாதவர் அல்லர். மின்கலத்தில் ஓடும் கணினியில் பணி வாளாவிருப்பதில் வியப்பில்லை.

மூன்றாவது, வலையமைப்பு. அது இணையும் முன்பே விண்டோஸ் பயனரை உள்ளே விட்டுவிடும். அப்போது சர்வரில் உள்ள கோப்பு கிட்டாது. பணியைச் சில நிமிடம் தாழ்த்தித் தொடங்கச் செய்தல் நலம். கோப்பின் இருப்பிடத்தை டிரைவ் எழுத்தால் சுட்டாது, சர்வர் பெயருடன் முழுமையாகக் குறித்தலும் வேண்டும்.

நான்காவது, உரிமை. சாதாரணப் பயனர்க்கு மென்பொருள் நிறுவும் உரிமை பெரும்பாலும் இராது. சிஸ்டம் கணக்கின்வழி நிறுவினால் அத்தடை நீங்கும். ஆனால் விசைப்பலகைத் தேர்வு போன்ற தனிப்பயனர் அமைப்பு அவ்வழியில் மாணவரைச் சென்றடையாது. எனவே நிறுவுதலைக் கணினியளவிலும், அமைப்பைப் பயனரளவிலும் பிரித்துச் செய்தலே முறை.

இவற்றுள் எது காரணம் என்பதை ஊகித்தல் தகாது. ஷெட்யூலரின் வரலாற்றுப் பதிவு இயல்பாக அணைந்திருக்கும். அதனை இயக்கி வைத்தல் வேண்டும். இறுதி விளைவு என்னுமிடத்தில் 0x41303 எனக் காணின், பணி ஒருமுறையும் ஓடவில்லை என்பது பொருள். 0x0 எனக் காணினும் அமைதியடையாது, மாணவர் கணக்கிலேயே நுழைந்து தமிழில் ஒரு வரி அடித்துப் பார்த்தல் வேண்டும்.

பதிவை நோக்காது பழி கூறுதல் நீதியன்று. கணினியிடம் காரணம் கேட்டபின் மாணவரிடம் கேட்போம். ஆசிரியராகிய நாம் அன்று அம்மாணவியிடம் கற்ற பாடம் இதுவேயாகும்.