அரை கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர்

1951 ஜூலை 14. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ. போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானங்களுக்காகக் கட்டிய தளம் அது. விமானங்கள் போனபின் கார்கள் வந்துவிட்டன. மொத்தம் 90 சுற்று, ஏறக்குறைய 418 கிலோமீட்டர்.

ஃபார்முலா ஒன் உலக சாம்பியன்ஷிப் 1950இல் தொடங்கியதிலிருந்து ஐரோப்பாவில் ஒன்பது பந்தயங்கள் நடந்திருந்தன. ஒன்பதையும் வென்றது ஆல்ஃபா ரோமியோ. பத்தாவது அன்று கைநழுவியது. அர்ஜென்டினாவின் ஃப்ரோய்லான் கொன்சாலெஸ் ஓட்டிய ஃபெராரி, ஆல்ஃபாவில் வந்த சக நாட்டவர் ஃபான்ஹியோவை 51 விநாடி பின்னுக்குத் தள்ளி முதலில் வந்தது. உலக சாம்பியன்ஷிப்பில் ஃபெராரியின் முதல் வெற்றி. இத்தனைக்கும் ஆல்ஃபாவின் எஞ்சின்தான் அதிக சக்தி வாய்ந்தது. பிறகு ஏன் தோற்றது?

எஞ்சினின் சக்தி, ஒரு நிமிடத்தில் அது எவ்வளவு காற்றை உள்ளே இழுத்து எரிபொருளோடு எரிக்கிறது என்பதைப் பொறுத்தது. காற்றைக் கூட்ட இரண்டு வழிகள் உண்டு: சிலிண்டரைப் பெரிதாக்கலாம், அல்லது சிறிய சிலிண்டருக்குள் காற்றை அமுக்கித் திணிக்கலாம். திணிக்கும் கருவிக்கு சூப்பர்சார்ஜர் என்று பெயர். அன்றைய விதிமுறை இரண்டையும் அனுமதித்தது. சூப்பர்சார்ஜர் இருந்தால் எஞ்சின் 1.5 லிட்டரைத் தாண்டக் கூடாது, இல்லையென்றால் 4.5 லிட்டர் வரை போகலாம்.

ஆல்ஃபா திணிக்கும் வழியில் போனது. ஜோவாக்கினோ கொலம்போ வடிவமைத்த எட்டு சிலிண்டர் எஞ்சின், 1938இல் முதன்முதலாகப் பந்தயத்துக்கு வந்தபோது ஏறத்தாழ 195 குதிரைத்திறன் தந்தது. அதே 1.5 லிட்டர் எஞ்சினை 1951இல் 425 வரை கொண்டுபோய்விட்டார்கள். ஒரு சூப்பர்சார்ஜர் அமுக்கிய காற்றை இன்னொன்று வாங்கி மேலும் அமுக்கும் ஏற்பாடுதான் அதற்கு முக்கியக் காரணம். வளிமண்டல அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான அழுத்தத்தில் காற்று சிலிண்டருக்குள் பாய்ந்தது.

இதற்கு இரண்டு விலை. சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவதே எஞ்சின்தான் என்பதால், கிடைக்கும் சக்தியில் கணிசமான பங்கை அது தின்றுவிடும். அடுத்தது வெப்பம். காற்றை அமுக்கினால் அது சூடாகும் என்பதை சைக்கிளுக்குக் காற்றடித்த பம்பைத் தொட்டுப் பார்த்தவர்கள் அறிவார்கள். சூடான கலவை, ஸ்பார்க் பிளக்கின் தீ பரவி வந்து சேரும் முன்பே தானாக வெடிக்கும். அந்த வெடிப்பு தொடர்ந்தால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.

வெப்பத்தைச் சமாளிக்க ஆல்ஃபா நம்பியது மெத்தனாலை. ஒரு கிலோ மெத்தனால் ஆவியாக, பெட்ரோலைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சினுக்குள் நுழையும் காற்று அதனால் குளிர்ந்துவிடும். ஆனால் எரியும்போது ஒரு கிலோ மெத்தனால் தரும் ஆற்றல், பெட்ரோல் தருவதில் பாதிகூட இல்லை. ஆகவே இரண்டு மடங்குக்கும் மேல் ஊற்ற வேண்டும். பிஸ்டன் உருகாமல் இருக்க, எரிவதற்குத் தேவையானதைவிடவும் கூடுதலாகவே ஊற்றினார்கள். அதாவது, டேங்கில் இருந்ததில் ஒரு பகுதி எரிபொருளாக அல்லாமல் குளிர்விப்பானாகவே செலவானது.

விளைவு, ஒரு லிட்டருக்கு அரை கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய மைலேஜ். 418 கிலோமீட்டர் ஓட 750 லிட்டருக்கு மேல் வேண்டும். கூடுதல் டேங்குகளைப் பொருத்தியும் ஆல்ஃபாவில் கொண்டது ஏறத்தாழ 300 லிட்டர்தான். அதுவே 240 கிலோ எடை. வெறும் காரின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. டேங்க் நிறைந்திருக்கையில் கார் வளைவுகளில் திணறும், பிரேக் தாமதமாகப் பிடிக்கும், டயர் சீக்கிரம் தேயும். போதாக்குறைக்கு வழியில் இரண்டு முறை நின்று நிரப்பியாக வேண்டும்.

ஃபெராரியும் முதலில் 1.5 லிட்டர் சூப்பர்சார்ஜர் எஞ்சினைத்தான் செய்து பார்த்தது. ஆல்ஃபாவை எட்ட முடியவில்லை. பொறியாளர் அவுரேலியோ லாம்ப்ரெடி, பெரிய எஞ்சினே மேல் என்று வாதிட்டு, 12 சிலிண்டர், 4.5 லிட்டரில் ஒன்றை உருவாக்கினார். சக்தி சுமார் 380 குதிரைத்திறன், ஆல்ஃபாவைவிடக் குறைவுதான். ஆனால் குடிப்பதும் வெகு குறைவு. சில்வர்ஸ்டோனில் ஒரே ஒருமுறை நின்றால் போதும்.

வேகத்திலும் அது சளைக்கவில்லை. தகுதிச் சுற்றில் கொன்சாலெஸ் 1 நிமிடம் 43.4 விநாடியில் சுற்றி வந்தார். சில்வர்ஸ்டோனில் மணிக்கு 100 மைல், அதாவது 161 கி.மீ. சராசரியைத் தாண்டிய முதல் சுற்று அது. ஃபான்ஹியோ அதைவிட ஒரு விநாடி தாமதம். இருவரும் பந்தயத்திலும் மாறி மாறி முன்னிலை வகித்தார்கள். வேகம் சமமாக இருக்கும்போது, கூடுதலாக ஒருமுறை நிற்பவர் தோற்பது வெறும் கணக்கு.

கொன்சாலெஸ் எரிபொருளுக்காக நின்றபோது ஒரு சம்பவம். ஃபெராரியின் மூத்த ஓட்டுநர் அல்பெர்தோ அஸ்காரியின் கார் கியர்பாக்ஸ் உடைந்து நின்றுபோயிருந்தது. ஒருவர் காரை இன்னொருவர் வாங்கி ஓட்ட அன்றைய விதி இடம் கொடுத்தது. முன்னிலையில் இருந்த காரை அஸ்காரியிடம் ஒப்படைக்க கொன்சாலெஸ் முன்வந்தார். அஸ்காரி மறுத்து, நீங்களே ஓட்டுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

என்ஸோ ஃபெராரிக்கு இது கலவையான வெற்றி. ஒருகாலத்தில் ஆல்ஃபாவின் பந்தய அணியை நடத்தியவர் அவர். தோற்ற அந்தக் கார் வகை பிறந்ததே மோதெனாவில் அவருடைய பட்டறையில்தான். மகிழ்ச்சியில் அழுததாகவும், பெற்ற தாயையே கொன்றதுபோல வலித்ததாகவும் பின்னாளில் சொன்னார்.

அடுத்து ஜெர்மனியிலும் இத்தாலியிலும் ஃபெராரியே வென்றது. ஸ்பெயினில் நடந்த கடைசிப் பந்தயத்தை வென்று ஃபான்ஹியோ உலக சாம்பியன் ஆனார். அதோடு ஆல்ஃபா களத்தைவிட்டு விலகியது. காற்றைத் திணிக்கும் எஞ்சின் ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்பியது 1977இல், ரெனோவின் டர்போ காரில். அறிமுகமான இடம் அதே சில்வர்ஸ்டோன். டர்போவைச் சுழற்றுவது வீணாக வெளியேறும் புகையின் ஆற்றல். எஞ்சினிடம் நேரடியாகக் கடன் வாங்குவதில்லை. 2014இல் வந்த விதிப்படி சுமார் 305 கி.மீ. பந்தயத்துக்கு 100 கிலோ எரிபொருளுக்குத்தான் அனுமதி இருந்தது. லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வந்தது. பழைய ஆல்ஃபாவைப் போல நான்கு மடங்கு.

இன்று நம் சாலைகளில் ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் கார்கள் ஏராளம். அவற்றில் பலவும், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து ஓட்டும்போது வெப்பத்தைத் தணிக்கக் கூடுதல் பெட்ரோலைப் பீச்சிக்கொள்கின்றன. விளம்பரத்தில் சொன்ன மைலேஜ் வரவில்லையே என்று புகார் சொல்லும் முன், உங்கள் வலது காலை ஒருமுறை விசாரியுங்கள்.