வாசலில் ஒரு காவலாள்

பலர் சேர்ந்து ஒரு நிரலை எழுதும்போது, யார் எப்போது எதை மாற்றினார் என்பதைக் குறித்து வைக்கும் ஏற்பாட்டைப் பதிப்புக் கட்டுப்பாடு என்பர். இன்று பெரும்பாலோர் கையாளும் ‘கிட்’ என்னும் மென்பொருளை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் உருவாக்கினார். இதில் வேலையின் வரலாறு ஒவ்வொருவர் கணிப்பொறியிலும் இருக்கும். பொதுப் பிரதி ஒன்று சர்வரில் இருக்கும். அவரவர் செய்ததை அங்கே ‘தள்ளுகிறோம்’.

சென்ற ஆண்டு நாங்கள் நால்வர் செய்த திட்டப்பணியில், நண்பர் ஒருவர் தம் பழைய பிரதியை வலிந்து தள்ளிவிட்டார். மற்ற மூவரின் பத்து நாள் உழைப்பு பொதுப் பிரதியில் மறைந்துபோயிற்று. ஒருவர் மடிக்கணினியில் அது மிச்சமிருந்ததால் பிழைத்தோம். நண்பரைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. வாசலில் கேட்பார் இல்லை. அவர் உள்ளே போய்விட்டார், அவ்வளவுதான்.

மதுக்கரையைத் தாண்டிப் பாலக்காடு செல்லும் சாலையிலுள்ள வாளையாறு நம் ஊரார் அறிந்ததே. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை வணிகவரிச் சோதனைக்காக லாரிகள் அங்கே வரிசை கட்டி நின்றன. புறப்படும் இடத்திலேயே சரக்கையும் சீட்டையும் லாரிக்காரர் சரிபார்த்திருப்பார். அதை நம்பிச் சாவடிக்காரர் விட்டுவிடுவாரா? கிட்டிலும் அப்படியே. நம் கணிப்பொறியிலேயே சோதனை வைக்கலாம். ஆனால் ஒரு சொல்லைச் சேர்த்துத் தட்டினால் அதைத் தாண்டிவிடலாம். எல்லோரையும் கட்டுப்படுத்தும் விதி சர்வரில்தான் இருக்கவேண்டும்.

சர்வரில் உரிய வேளையில் தானே இயங்கும் சிறு நிரலை ‘ஹூக்’, அதாவது கொக்கி என்கிறார்கள். ‘ப்ரீ-ரிசீவ்’ ஒரு தள்ளலுக்கு ஒரே முறை இயங்கும். அது மறுத்தால், ஒரு லாரிக்காக வரிசை முழுவதையும் திருப்பி அனுப்பியது போலாகும். ‘அப்டேட்’ ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியே இயங்கி, தவறான கிளையை மட்டும் நிறுத்தும். ‘போஸ்ட்-ரிசீவ்’ எல்லாம் முடிந்தபின் வருவது. கடிதம் அனுப்ப உதவும், தடுக்க உதவாது.

அப்டேட் கொக்கியின் கையில் மூன்றே செய்திகள் தரப்படுகின்றன: கிளையின் பெயர், பழைய அடையாள எண், புதிய அடையாள எண். எவ்வளவு சிக்கனம் பாருங்கள்! பழைய எண் முழுவதும் சுழியானால் புதுக் கிளை பிறக்கிறது; புதிய எண் முழுவதும் சுழியானால் கிளை அழிக்கப்படுகிறது. இரண்டும் இல்லையெனில், பழையது புதியதன் முன்னோர் வரிசையில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இல்லையென்றால் யாருடைய உழைப்போ அழியப்போகிறது. அப்போது கொக்கி சுழி அல்லாத எண்ணைத் தந்து முடிந்தால் போதும், கிட் அக்கிளையை ஏற்காது.

எல்லாக் கிளைக்கும் ஒரே தடை போதுமென்றால் கிட்டின் அமைப்பிலேயே அதற்கு வழி உண்டு, கொக்கி வேண்டாம். ‘இந்தக் கிளையை இன்னார் மட்டும்’ என்று பிரிக்கும்போதுதான் கொக்கியின் அருமை தெரியும். நம் நாட்டவரான சீதாராம் சாமர்த்தி உருவாக்கிய ‘கிட்டோலைட்’ கிளைவாரி உரிமையை இந்த அப்டேட் கொக்கியைக் கொண்டே காக்கிறது. 2011-இல் லினக்ஸின் கெர்னல்.ஆர்க் சர்வருக்குள் அந்நியர் புகுந்தபின், அதைச் சீரமைத்தோர் கிட்டோலைட்டையே கைக்கொண்டனர் என்பது நமக்குப் பெருமை.

கொக்கி எழுதுவோர் இரண்டை மறத்தல் கூடாது. அது இயங்கும் வரை தள்ளியவர் காத்திருப்பார். ஆகவே நீண்ட சோதனைகளை அங்கே வைப்பது கொடுமை. அடுத்து, கொக்கி அச்சிடும் சொற்கள் அவர் திரையிலேயே தோன்றும். வெறுமனே ‘மறுக்கப்பட்டது’ என்னாமல், ‘முதலில் பொதுப் பிரதியை இழுத்து இணைத்துக்கொண்டு வருக’ என்று வழி சொல்லலாமே!

இன்னொன்று. கொக்கிக் கோப்புக்கு இயங்கும் உரிமை தராவிட்டால் கிட் அதைத் தாண்டிப் போய்விடும். எல்லாமே உள்ளே நுழையும். வைத்தவுடன், பயனற்ற ஒரு கிளையை வேண்டுமென்றே தவறாகத் தள்ளி, அது திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.