ஆணி அடிக்கலாமா?

சென்னையில் வாடகைக்கு வீடு தேடிய அனுபவம் உங்களுக்கு உண்டா? உண்டென்றால் நீங்கள் பாதி ஞானி. "குடும்பமா, தனி ஆளா? சைவமா? வேலை எங்கே? ஊரிலிருந்து உறவினர் அடிக்கடி வருவார்களோ?" பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இத்தனை கேள்வி கேட்பதில்லை! எல்லாவற்றிலும் தேறிய பிறகு கடைசிக் கட்டளை ஒன்று வரும்: "சுவரில் ஆணி மட்டும் அடிக்கக் கூடாது."

வேளச்சேரியில் குடியிருக்கும் என் சிநேகிதியைப் பார்க்கப் போயிருந்தேன். அவளுக்கும் அவள் கணவருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். கலியாணமாகி நான்கு வருஷம். இது மூன்றாவது ஜாகை. கூடத்து மூலையில் ஏதோ ஒன்று பழைய புடவையில் சுற்றிச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"என்னடி இது?" என்றேன்.

"எங்கள் கலியாணப் படம். மாட்டினால்தானே மறுபடி கழற்ற வேண்டும்?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்கு என்னவோ செய்தது. பரணைப் பார்த்தேன். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் வந்த அட்டைப் பெட்டிகள் அடுத்த ஜாகைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தன.

கை நிறையச் சம்பாதிக்கிறார்கள். இருந்தும், 'இது நம் வீடு' என்ற நிம்மதி ஏன் வரவில்லை? விஷயம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகைப் பத்திரத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அந்தச் செலவுக்குப் பயந்து பதினொரு மாதம் என்று எழுதிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பத்தாவது மாதம் பிறந்தாலே இவளுக்கு வயிற்றைக் கலக்குகிறது. வாடகை 18,000 ரூபாய் என்றால், சென்னையின் பழைய வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் 1,80,000 ரூபாய். தரகருக்கு ஒரு மாத வாடகை, லாரிக் கூலி எல்லாம் தனி.

ஆனால் சட்டம் மாறியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியவில்லை. 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமுலில் இருக்கிறது. அதன்படி, எத்தனை மாதக் குடித்தனமானாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இரு தரப்பாரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டாலொழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. மேலே சொன்ன கணக்கில் அது 54,000 ரூபாய்தான்! தகராறு வந்தது என்று தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தவும் முடியாது.

வீட்டுக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பென்ஷன் பணத்தைப் போட்டுக் கட்டிய வீட்டில், குடிவந்தவர் காலி செய்ய மறுத்தால் என்ன செய்வது என்ற பயம் அவர்களுக்கும் இருக்கிறது. பழைய சட்டத்தின் கீழ் வருஷக் கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தவர்கள் உண்டு. ஆக, பயம் இரண்டு பக்கமும். பயத்துக்கு மருந்து தெளிவான ஒரு காகிதம்.

ஆகவே சகோதரிகளே, அடுத்த முறை குடிபோகும்போது கூச்சப்படாமல் கேளுங்கள். "இரண்டு மூன்று வருஷத்துக்கு எழுதிக்கொள்ளலாமா? வாடகை வருஷத்துக்கு எவ்வளவு உயரும் என்பதை இப்போதே குறித்துவிடலாமா? பதிவுச் செலவில் பாதி நாங்கள் தருகிறோம்." சொந்த வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் வாசகிகளுக்கும் ஒரு வார்த்தை: நிலைத்திருப்போம் என்று நம்புகிறவர்கள்தான் வீட்டைத் தங்கள் வீடு போலப் பார்த்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் என் சிநேகிதியிடம் சொல்லிவிட்டு வந்தேன். போன வாரம் டெலிபோன் செய்தாள். வீட்டுக்கார அம்மாள் இரண்டு வருஷத்துக்குச் சம்மதித்துவிட்டாராம்.

"அது மட்டுமில்லை. மூலையில் இருந்த படத்தைப் பார்த்தார். 'கலியாணப் படத்தை இப்படியா வைப்பது?' என்று கோபித்துக்கொண்டு, சுத்தியலை அவரே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்!"

சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"இந்த வீட்டில் பால் காய்ச்சி எட்டு மாதமாகிறது. இன்றைக்குத்தான் குடிவந்த மாதிரி இருக்கிறது."